ஊர் கூடி இழுத்த தேர்
பாசல் நகரின் குடும்ப அறக்கட்டளைகள் கூறும் வரலாறு

நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடு ஒன்றைப் பிரிக்கும்போது, இறக்கி அடுக்கிய ஓடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பர். மங்களூர் ஓடுகள் சிலவற்றின் முதுகில் ‘பாசல் மிஷன்’ என்ற எழுத்துகள் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவியவர்கள் அந்தப் பிரிவினை சபை மிஷனரிமார். அவர்களை அனுப்பி வைத்த ஊர்தான் பாசல். தலைக்கு மேல் பல்லாண்டு நிழல் தந்த ஓட்டில் பெயர் பொறித்த அந்த ஊர் எங்கே இருக்கிறது, எப்படிப்பட்டது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

அன்புப் பங்கு மக்களே! இம்மலரில் அந்த ஊரின் கதையைச் சொல்ல நாம் முன்வந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. ஒரு குடும்பம் தன் செல்வத்தை ஊருக்கென எழுதி வைப்பதும், அதனால் ஊரின் கலையும் கல்வியும் பண்பாடும் தழைப்பதும் உலகெங்கும் காணக்கூடியவையே. ஆனால் கொடுத்தவர் கையைவிட்டுப் பொருள் ஊரின் கைக்கு உண்மையாகவே வந்து சேர்வது எப்போது? எழுதி வைத்த அன்றா? வாங்கிக்கொண்ட அன்றா? இவ்வினாவுக்குப் பாசல் நகரம் போலத் தெளிவாக விடை தந்த ஊர் வேறொன்றை நாம் அறியோம்.

முச்சந்தி நகரம்

சுவிட்சர்லாந்து நாட்டின் வடமேற்கு மூலையில், ரைன் நதி வடக்கு நோக்கித் திரும்பும் வளைவில் பாசல் அமைந்துள்ளது. பிரான்சு, செருமனி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகளும் ஆற்றின் நடுவே இவ்வூரின் விளிம்பில்தான் சந்திக்கின்றன. ஊருக்குள்ளேயே செருமானிய இரயில்வேக்குச் சொந்தமான நிலையம் ஒன்று உண்டு. ஊரின் விமான நிலையமோ பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது. ஊரின் டிராம் வண்டிகளில் ஒன்று 2014 முதல் செருமனியின் வைல் நகருக்கும், மற்றொன்று 2017 முதல் பிரான்சின் சேன் லூயி நகரின் நிலையம் வரைக்கும் செல்கின்றன. பயணச்சீட்டு வாங்கி உட்கார்ந்தால் சற்று நேரத்தில் அயல்நாடு!

எல்லையில் இருக்கும் ஊருக்கு அச்சமும் உண்டு, ஆதாயமும் உண்டு. போர் வந்தால் முதலில் நடுங்குவது அவ்வூர். அமைதி வந்தால் முதலில் சந்தை கூடுவதும் அவ்வூரே. பிரான்சில் சமயக் காரணத்தால் துரத்தப்பட்டு வந்தவர்கள் பாசலில் பட்டு நாடா நெசவைக் கொண்டு வந்தனர். நாடாவுக்குச் சாயம் வேண்டும். சாயத்திலிருந்து இரசாயனத் தொழில் பிறந்தது. இரசாயனத்திலிருந்து இன்று உலகறிந்த மருந்துத் தொழில் வளர்ந்தது. இவ்வாறு தலைமுறை தலைமுறையாகச் செல்வம் சேர்த்த குடும்பங்கள் அவ்வூரில் பல. சுவிஸ் நாட்டில் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அறக்கட்டளைகள் மிகுந்த பகுதியும் பாசல்தான்.

கத்தோலிக்கராகிய நமக்கும் இவ்வூர் முற்றிலும் அந்நியமானதன்று. 1431இல் தொடங்கி 1449 வரை நீண்ட பாசல் பொதுச்சங்கம் இங்குதான் கூடியது. திருத்தந்தை நான்காம் யூஜினோடு முரண்பட்டு, 1439இல் ஐந்தாம் பெலிக்ஸ் என்ற எதிர்ப் பாப்பரசரைத் தெரிந்துகொண்டதும் அச்சங்கமே. அந்தச் சங்கத்தில் எழுத்தராகப் பணிபுரிந்த ஏனியாஸ் சில்வியுஸ் பிக்கோலோமினி என்ற இளைஞர் பின்னாளில் இரண்டாம் பத்திநாதர் என்னும் திருத்தந்தை ஆனார். தாம் இளமையில் உலவிய ஊரை மறவாமல் 1459இல் அவர் வழங்கிய ஆணையின்படியே 1460இல் பாசல் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது.

உடைத்த ஊரே வாங்கிய கதை

1529 பிப்ரவரி 9ஆம் நாள். சமயச் சீர்திருத்தக் கொந்தளிப்பில் பாசல் நகரத்தார் பேராலயத்திற்குள்ளும் மற்ற கோவில்களுக்குள்ளும் புகுந்து சுரூபங்களையும் பீடங்களையும் படங்களையும் உடைத்து எறிந்தனர். தச்சரும் சிற்பியரும் ஓவியரும் தலைமுறைகளாகச் செய்து வைத்தவை சில மணி நேரத்தில் தூளாயின. அவ்வூரில் வாழ்ந்த பேரறிஞர் எராஸ்முஸ் மனம் வெறுத்து, சில வாரங்களில் பிரைபூர்க் நகருக்குக் குடி பெயர்ந்தார். ஆயினும் 1535இல் அவர் திரும்பி வந்தார். மறு ஆண்டு அங்கேயே கண்மூடினார். கத்தோலிக்கக் குருவாகிய அவரைச் சீர்திருத்த சபையின் பேராலயத்திலேயே மரியாதையோடு அடக்கம் செய்தது அந்த நகரம்.

எராஸ்முஸ் தம் உடைமைகளுக்கு வாரிசாக நியமித்தது பொனிபாசியுஸ் ஆமர்பாக் என்ற சட்ட அறிஞரை. அச்சுத்தொழிலில் பெயர் பெற்ற குடும்பத்தின் மகன் அவர். நண்பரின் விருப்பப்படி, அவர் விட்டுச் சென்ற பொருளை ஏழைகளுக்கும் படிக்கும் இளைஞருக்கும் உதவும் நிதியாக அவர் நடத்தினார். அவருடைய மகன் பசீலியுஸ் ஆமர்பாக் ஓவியங்களையும் நாணயங்களையும் நூல்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த ‘கல்லறையில் கிறிஸ்துவின் உடல்’ என்னும் படமும் அத்திரட்டில் ஒன்று. இரண்டு மீட்டர் நீளமும் ஏறத்தாழ ஓர் அடி உயரமுமே உள்ள அப்படத்தை 1867இல் பார்த்த உருசிய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி அதன் முன் உறைந்து நின்றார். தம் ‘அசடன்’ என்ற நாவலில் அதைப் பற்றி எழுதவும் செய்தார்.

பசீலியுஸ் 1591இல் மறைந்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, அத்திரட்டை விற்க நேர்ந்தது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வாங்க ஆள் வந்தாயிற்று. ஊர் என்ன செய்தது? மேயர் யோகான் உருடோல்ஃப் வெட்ஸ்டைன் முன்னின்று முயல, நகரமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 9,000 தாலர் கொடுத்து 1661இல் அத்திரட்டை முழுவதுமாக வாங்கின. 1671இல் பேராலய முற்றத்தின் அருகே இருந்த ‘மூக்கே’ என்ற மாளிகையில் அது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைக்கப்பட்டது. 1439இல் எதிர்ப் பாப்பரசர் தேர்தல் நடந்த அதே மாளிகை அது!

எண்ணிப் பாருங்கள். 1529இல் படங்களை உடைத்தார்கள். நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் பொதுப் பணத்தைக் கொடுத்துப் படங்களை வாங்கினார்கள். ஒரு குடும்பம் சேர்த்ததை ஊர் தன் சொத்தாக ஏற்றுக்கொண்டது. இன்று உலகப் புகழ் பெற்றிருக்கும் பாசல் கலை அருங்காட்சியகத்தின் அடிக்கல் அதுவே.

பிள்ளையில்லாதவரின் வாரிசு

நெப்போலியன் இங்கிலாந்துச் சரக்குகளுக்குத் தடை விதித்திருந்த காலத்தில், எல்லையூர்களில் துணிந்து வாணிபம் செய்தவர்கள் பெரும்பொருள் ஈட்டினர். பாசலின் மெரியன் குடும்பத்தாரும் அவ்வாறே செல்வர் ஆனவர்கள். அச்செல்வம் முழுவதும் அப்பழுக்கற்ற வழியில் வந்தது என்று நாம் சொல்லப் போவதில்லை. தடையை மீறிய வியாபாரமும் அதில் அடங்கும். அந்தச் செல்வத்திற்கு வாரிசாக 1800இல் பிறந்தவர் கிறிஸ்டோஃப் மெரியன்.

அவருக்கு வியாபாரத்தில் நாட்டமில்லை, மண்ணில்தான் நாட்டம். வேளாண்மை கற்றார். 1824இல் மார்கரேத்தா புர்க்ஹார்ட் என்னும் மங்கையை மணந்தபோது, தந்தை அவருக்கு மணப்பரிசாகத் தந்தது நகருக்கு வெளியே இருந்த புரூக்லிங்கன் பண்ணை. அதைச் சுற்றிலும் நிலம் வாங்கி வாங்கி, சுவிஸ் நாட்டிலேயே மிகப் பெரிய தனி நிலவுடைமையாளருள் ஒருவராக அவர் உயர்ந்தார். எல்லாம் இருந்தும் அத்தம்பதியருக்குக் குழந்தைப் பேறு இல்லை.

நம் ஊர்களில் இந்நிலை வந்தால் என்ன நடக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. பங்காளிகள் கூடுவார்கள்; வழக்கு மன்றம் நிறையும். மெரியன் 1857இல் உயில் எழுதினார். தம் சொத்துக்கு வாரிசு தாம் பிறந்த பாசல் நகரமே என்றார். மனைவி உயிரோடு இருக்கும்வரை அனுபவ பாத்தியதை அவருடையது. அதன்பின் எல்லாம் ஊருக்கு. துயரையும் வறுமையையும் தணிப்பது முதல் நோக்கம். மக்களின் நலத்தை வளர்ப்பதும், ஊருக்குத் தேவையான பயனுள்ள அமைப்புகளைப் பேணுவதும் அடுத்து வருபவை. 1858இல் அவர் மறைந்தார். மார்கரேத்தா அம்மையார் இருபத்தெட்டு ஆண்டுகள் கைம்பெண்ணாக வாழ்ந்து, 1886இல் காலமானார். அதன்பிறகே ‘கிறிஸ்டோஃப் மெரியன் நிதியம்’ தன் பணியைத் தொடங்கிற்று. தம்பதியர் தம் செலவில் எழுப்பி 1864இல் முடிந்த எலிசபெத் ஆலயத்தின் நிலவறையில் இருவரும் அருகருகே துயில்கின்றனர். அவ்வாலயம் 1994 முதல் எச்சபையாரும் வந்து போகும் திறந்த நகர ஆலயமாக விளங்குகிறது.

இந்நிதியத்தைக் குடும்பத்தார் ஆள்வதில்லை. பாசல் நகரக் குடிகளின் மன்றம் அதை மேற்பார்க்கிறது. நிலத்தை விற்றுத் தின்னாமல், அதிலிருந்து வரும் வாடகையையும் குத்தகையையும் மட்டும் செலவிடும் முறையால் முதல் குறையாமல் வளர்ந்தது. ஏழைகளுக்கும் முதியோர்க்கும் உதவிய அதே கை, ஊரின் பண்பாட்டுக்கும் உதவியது.

அதற்கு ஒரு சான்று புனித ஆல்பன் பள்ளத்தாக்கு. 1083இல் பாசல் ஆயர் அங்கே குளுனி சபைத் துறவியருக்கு ஒரு மடம் நிறுவினார். துறவியர் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொணர்ந்து, அதன் கரையில் ஆலைகளை ஓட்டினர். பின்னர் அந்த ஆலைகளில் காகிதம் செய்யப்பட்டது. பாசலின் அச்சுக்கூடங்களுக்கு அதுவே ஊட்டம். காலப்போக்கில் தொழில் நலிந்து, சுவர்கள் பெயர்ந்து, அப்பகுதி பாழடைந்தது. 1970களிலும் 1980களிலும் மெரியன் நிதியம் முன்னின்று அதைச் சீர்ப்படுத்திற்று. 1980இல் பழைய ஆலை ஒன்று காகிதம், எழுத்து, அச்சு ஆகியவற்றின் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே வாய்க்கால் நீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பார்க்க வரும் குழந்தைகள் தம் கையாலேயே காகிதம் வார்த்து எடுத்துச் செல்கின்றனர். பட்டு நாடா ஆலையாக இருந்த கட்டடம் இளைஞர் விடுதி ஆயிற்று. மணப்பரிசாக வந்த புரூக்லிங்கன் பண்ணை இன்று எவரும் நுழையலாகும் தோட்டம். அங்குள்ள ஐரிஸ் மலர்த் தொகுதி பெயர் பெற்றது.

துறவியர் வெட்டிய வாய்க்கால், வியாபாரி ஈட்டிய பணம், பிள்ளையில்லாத தம்பதியரின் உயில் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடி ஊருக்குப் பயனாயின.

கண்ணீரில் பிறந்த நிதியங்கள்

இருபதாம் நூற்றாண்டில் மருந்துத் தொழிலால் உயர்ந்த குடும்பங்கள் இவ்வழியே நடந்தன. ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தை 1896இல் தொடங்கியவரின் மகன் எமானுவேல் ஹாஃப்மன் 1932இல் கார் விபத்தில் மாண்டார். கலை பயின்றவரான அவர் மனைவி மாயா, கணவரின் நினைவாக 1933இல் ‘எமானுவேல் ஹாஃப்மன் நிதியம்’ அமைத்தார். அதன் நோக்கம் புதுமையானது. புகழ் பெற்றுவிட்ட ஓவியங்களை வாங்குவதன்று. இன்னும் ஊரார்க்குப் புரியாத, நாளை புரியப் போகிற கலைஞரின் படைப்புகளை இன்றே வாங்கி வைப்பது. பார்த்தவர்கள் நகைத்தார்கள். ஆனால் அன்று நகைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அவற்றைக் காண வரிசையில் நிற்கிறார்கள்.

மாயா அம்மையார் பின்னர் இசைக்குழு நடத்துநர் பால் சாக்கரை மணந்தார். அவர் 1973இல் நிறுவிய பால் சாக்கர் நிதியம், ஸ்ட்ராவின்ஸ்கி போன்ற இசை மேதைகளின் கையெழுத்துப் படிகளைப் பாதுகாக்கும் களஞ்சியமாயிற்று. 1980இல் ஹாஃப்மன் நிதியமும் மெரியன் நிதியமும் பொது அருங்காட்சியகமும் கைகோத்து, புனித ஆல்பன் பள்ளத்தாக்கில் இக்காலக் கலைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் எழுப்பின. பாழடைந்த இடம் என்று பேசப்பட்ட பகுதிக்கு ஒரே ஆண்டில் இரண்டு அருங்காட்சியகங்கள் வந்து சேர்ந்தன.

1967: பிச்சைத் திருவிழா

இதுவரை நாம் சொன்னது கொடுத்தவர்களின் கதை. இனி வாங்கியவர்களின் கதை.

உருடோல்ஃப் ஷ்டேக்கெலின் என்ற பாசல் வணிகர் வான் கோ, கோகேன், பிக்காசோ முதலியோரின் ஓவியங்களைச் சேர்த்து, குடும்ப அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் விட்டு 1946இல் மறைந்தார். அவற்றுள் பல பாசல் கலை அருங்காட்சியகத்தில் இரவலாகத் தொங்கின. ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய ஊரார், அவை தங்களுடையவை என்றே எண்ணியிருந்தனர்.

1967 ஏப்ரல் 20ஆம் நாள், பாங்காக்கிலிருந்து கொழும்பு, பம்பாய் வழியாகப் பாசலுக்குச் சென்ற விமானம் ஒன்று, சைப்பிரஸ் தீவின் நிக்கோசியா அருகே புயல் மழையில் விழுந்து நொறுங்கியது. 126 பேர் மாண்டனர். அந்த விமானக் கம்பெனி பாசலைச் சேர்ந்தது. ஷ்டேக்கெலின் குடும்பத்து மகன் அதில் பெரும் பங்குதாரர். கம்பெனி கவிழ்ந்தது. கடனை அடைக்கப் பணம் வேண்டும். குடும்ப அறக்கட்டளை ஓவியங்களை விற்க முடிவு செய்தது. முதலில் வான் கோவின் ஓவியம் ஒன்று போயிற்று. அடுத்து, பிக்காசோ 1906இல் வரைந்த ‘இரு சகோதரர்’, 1923இல் வரைந்த ‘அமர்ந்த கோமாளி’ ஆகிய இரண்டு படங்களும் விலைக்கு வந்தன. விலை 84 இலட்சம் பிராங்க்.

ஊர் விழித்துக்கொண்டது. மாநில மன்றம் 60 இலட்சம் பிராங்க் ஒதுக்கியது. மீதி 24 இலட்சத்தை மக்களிடம் திரட்ட வேண்டும். ஆனால் எதிர்ப்பும் எழுந்தது. ‘முதியோர் இல்லம் இருக்க, மருத்துவமனை இருக்க, இரண்டு துண்டுத் துணிக்கு இவ்வளவு பணமா?’ என்று கேட்டவர்களை நாம் பழிக்க மாட்டோம். அது நியாயமான கேள்வி. நம் ஊர்களில் கோபுரம் எழுப்பும்போதும் அதே கேள்வி எழாமல் இருந்ததில்லை. எதிர்ப்பாளர்கள் கையொப்பம் திரட்டிச் சட்டப்படி மக்கள் வாக்கெடுப்பு கோரினர். ஓவியம் வாங்குவதற்கு ஓர் ஊரே வாக்களிக்க வேண்டிய நிலை!

நவம்பர் 25ஆம் நாள் நகரத்தார் ‘பிச்சைத் திருவிழா’ ஒன்று நடத்தினர். தெருவெங்கும் கடைகள், மேளங்கள், குழல்கள். உண்டி குலுக்குவதில் பெரிய மனிதர், சிறிய மனிதர் என்ற வேறுபாடு இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் மாணவர்களும் முன்னணியில் நின்றனர். நூற்றாண்டுகளுக்கு முன்னே வெட்ஸ்டைன் மேயர் செய்ததை இம்முறை இளைஞர்கள் செய்தனர். தேவையான தொகை சேர்ந்தது.

டிசம்பர் 17ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்றோர் 32,118 பேர். இல்லை என்றோர் 27,190 பேர். படங்கள் ஊருக்குச் சொந்தமாயின. இதில் நாம் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. பாசலில் பெண்களுக்கு மாநில வாக்குரிமை கிடைத்தது அதற்கு முந்திய 1966ஆம் ஆண்டில்தான். சுவிஸ் நாடு முழுவதற்குமான தேர்தல்களில் அவர்கள் வாக்களிக்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே பாசல் தாய்மாரும் சகோதரிகளும் அளித்த முதல் வாக்குகளுள் ஒன்று இந்தக் கலைச் செல்வத்திற்காகவே விழுந்தது.

செய்தி பிரான்சில் வாழ்ந்த பிக்காசோவுக்கு எட்டிற்று. அப்போது அவருக்கு வயது 86. சாதாரண மக்கள் வாக்களித்துத் தம் படங்களை வாங்கினார்கள் என்பதைக் கேட்டு நெகிழ்ந்த அவர், அருங்காட்சியக இயக்குநர் பிரான்ஸ் மையரைத் தம் வீட்டுக்கு அழைத்து, நான்கு படைப்புகளைப் பாசலுக்குப் பரிசாகவே தந்துவிட்டார். அத்துடன் மாயா சாக்கர் அம்மையாரும் பிக்காசோவின் ‘கவிஞன்’ என்ற 1912ஆம் ஆண்டு ஓவியத்தைக் கொடையாக அளித்தார். இரண்டைக் காக்கப் புறப்பட்ட ஊருக்கு ஏழு கிடைத்தன!

இரவலும் கொடையும்

கதை இங்கே முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் வரலாறு அப்படி முடிவதில்லை.

ஷ்டேக்கெலின் குடும்பத்தின் மற்ற ஓவியங்கள் தொடர்ந்து இரவலாகவே அருங்காட்சியகத்தில் இருந்தன. அவற்றுள் ஒன்று கோகேன் 1892இல் தாஹித்தித் தீவில் வரைந்த ‘நாஃபேயா’ என்னும் ஓவியம். ‘எப்போது உனக்குத் திருமணம்?’ என்பது அப்பெயரின் பொருள். 2015இல் அது அயல்நாட்டார் ஒருவருக்கு விற்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. விலை 21 கோடி டாலர் என்று பின்னர் வழக்கு மன்றத்தில் தெரிய வந்தது. குடும்பத்தின் பிற ஓவியங்களும் அருங்காட்சியகச் சுவரிலிருந்து இறக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் அங்கே பார்த்துப் பழகிய பாசல் மக்கள் மனம் வருந்தினர். குடும்பத்தைக் குறை சொல்ல இடமில்லை, சொத்து அவர்களுடையது. இரவல் கொடுத்தவர் திருப்பிக் கேட்பது உரிமை. ஆனால் 1967இல் ஊர் வாங்கிய அந்த இரண்டு பிக்காசோக்களை மட்டும் எவராலும் இறக்க முடியவில்லை. அவை அப்படியே அங்கே இருக்கின்றன.

மறு ஆண்டே, 2016 ஏப்ரலில், அதே அருங்காட்சியகத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. செலவு 10 கோடி பிராங்க். அதில் பாதியை ஏற்றவர், அதற்கு முன்பே நிலத்தையும் பெற்றுத் தந்தவர், எமானுவேல் ஹாஃப்மனின் பேத்தி மாயா ஓரி அம்மையார். தம் மறைந்த குழந்தையின் பெயரால் அவர் அமைத்த லாரன்ஸ் நிதியம் 2003இல் ‘ஷவ்லாகர்’ என்ற கலைக் களஞ்சியத்தை நகர எல்லையில் எழுப்பியதும் குறிப்பிடத்தக்கது. மீதிப் பாதிச் செலவை ஏற்றது ஊர். குடும்பம் பாதி, ஊர் பாதி. நாம் இதை ஒரு நல்ல இலக்கணமாகக் கருதுகிறோம்.

நமக்கு ஒரு சொல்

மூன்று குடும்பங்களை நாம் பார்த்தோம். ஆமர்பாக் குடும்பம் சேர்த்தது. ஊர் விலை கொடுத்து வாங்கியது. மெரியன் குடும்பம் உயில் எழுதிக் கொடுத்தது. ஊர் பொறுப்போடு நிர்வகித்தது. ஷ்டேக்கெலின் குடும்பம் இரவல் தந்தது. ஊர் எதைத் தன் கைப்பொருளைக் கொடுத்து மீட்டதோ அது மட்டும் நிலைத்தது. மூன்றிலும் அடிநாதம் ஒன்றே. வள்ளலின் கொடை எவ்வளவு பெரிதாயினும், ஊரார் தம் பங்கைச் சேர்க்கும் நாளில்தான் அது ஊரின் சொத்தாகிறது. அந்தப் பங்கு பணமாக இருக்கலாம், வாக்காக இருக்கலாம். மெரியன் நிதியத்தைப் போல் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு எழுதிக் காப்பாற்றும் உழைப்பாகவும் இருக்கலாம்.

நம் கோவிலைச் சற்றுச் சுற்றிப் பாருங்கள். மின்விசிறியின் இறக்கையில் ‘உபயம்’, குழல் விளக்கின் பட்டையில் ‘உபயம்’, பெஞ்சின் முதுகில் ‘உபயம்’, பீடத்தின் பளிங்கில் ‘உபயம்’. கொடுத்த குடும்பங்களை நாம் நன்றியோடு நினைக்கிறோம், நினைக்கவும் வேண்டும். ஆனால் ஞாயிறுதோறும் பிடியரிசி ஒதுக்கிய தாய்மார்களின் பெயர் எந்தப் பளிங்கிலும் இல்லை. சுண்ணாம்பு சுமந்த கைகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பெயர் பொறித்த கொடைகளை இத்தனை ஆண்டுகள் ஊரின் சொத்தாகத் தாங்கி நிற்பது அந்தப் பெயரில்லாக் கொடைகளே.

1967இல் பாசல் தெருவில் உண்டி குலுக்கிய பள்ளிச் சிறுவர்களுக்கு இன்று அறுபது எழுபது வயது இருக்கும். தம் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அருங்காட்சியகத்திற்குச் செல்லும்போது, ‘இரு சகோதரர்’ படத்தின் முன் நின்று அவர்கள் ஒன்று சொல்லலாம்: ‘இது நம்முடையது. இதில் என் காசும் இருக்கிறது’. கோடிகளைக் கொடுத்த குடும்பத்தாரும் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. நம் பிள்ளைகளும் நம் ஊரின் பொதுச் சொத்து ஒவ்வொன்றின் முன்னும் நின்று அவ்வாறே சொல்லும் நிலையை நாம் உருவாக்க வேண்டும்.

தேருக்கு வடம் தந்தவர் ஒருவராயிருக்கலாம். மரம் தந்தவர் மற்றொருவராயிருக்கலாம். ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நிலைக்கு வரும்.